தன் வாயால் கெடும் காதலர்கள்: மாட்ரிட் படங்களை எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: நகரத்து இளசுகளின் காதலைச் சொல்லும் ஸ்பானியக் காதல் நகைச்சுவைப் படம் ஒன்று வேண்டும். ஓரிரண்டு பார்த்தாயிற்று, எல்லாவற்றிலும் ஆளாளுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கதை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எதில் தொடங்குவது, எப்படிப் பார்ப்பது?

ஒரே ஒரு படம் சொல்லச் சொன்னால் 1980இல் வந்த ‘ஓப்பெரா ப்ரீமா’வைச் சொல்வேன். இயக்கியவர் ஃபெர்னாந்தோ த்ருயேபா. அவருக்கு அது முதல் முழுநீளப் படம். அப்போது வயது இருபத்தைந்துதான். கதாநாயகன் மத்தியாஸுக்கும் அதே வயது. மத்தியாஸாக நடித்த ஓஸ்கர் லாத்வார் த்ருயேபாவின் நண்பர். திரைக்கதையையும் இருவரும் சேர்ந்துதான் எழுதினார்கள். பெரிய நடிகர்கள் இல்லை, அரங்க அமைப்பு இல்லை. மாட்ரிட் தெருக்கள், யாரோ குடியிருக்கிற வீடு போலவே தெரியும் வீடுகள், நிற்காத பேச்சு. அவ்வளவுதான் முதலீடு.

கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். மத்தியாஸ் பத்திரிகையாளன். மனைவியைப் பிரிந்தவன், ஒரு சின்னப் பையனுக்குத் தகப்பன். ஒருநாள் ஓப்பெரா சதுக்கத்தில் பல வருடங்களாகப் பார்க்காத உறவுக்காரப் பெண் வியோலேத்தா எதிர்ப்படுகிறாள். பதினெட்டு வயது, வயலின் படிக்கிறாள். இவன் விழுந்துவிடுகிறான். அவளோடு சேர்ந்தும் விடுகிறான். அதற்குப் பிறகுதான் படமே தொடங்குகிறது, ஏனென்றால் கிடைத்ததை வைத்துக்கொள்ளத் தெரியாதவன் அவன்.

தலைப்பு ஒரு சிலேடை. முதல் படைப்பு என்றும் பொருள்படும், ஓப்பெரா சதுக்கத்தில் கண்ட மாமன் மகள், சித்தப்பா மகள் மாதிரி ஓர் உறவுக்காரி என்றும் பொருள்படும். முறைப்பெண் கதையோ என்று நமக்குச் சட்டென்று தோன்றலாம். ஆனால் அங்கே உரிமை என்ற பேச்சே கிடையாது. உறவை வைத்துக் கொஞ்சம் கிண்டல் நடக்கும், அத்தோடு சரி.

அந்தச் சதுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் அதிகாரப்பூர்வமான பெயர் இரண்டாம் இசபெல் சதுக்கம். மெட்ரோ நிலையத்துக்கு ஓப்பெரா என்று பெயர் இருப்பதால் ஊரார் சதுக்கத்தையும் அப்படியே கூப்பிடுகிறார்கள். காரணம் அங்கே நிற்கிற தெயாத்ரோ ரெயால் என்ற ஓப்பெரா, அதாவது இசைநாடக, அரங்கம். வேடிக்கை என்னவென்றால், அந்த அரங்கத்தில் 1925க்குப் பிறகு ஓப்பெராவே நடக்கவில்லை. கட்டடம் பழுதாகி மூடிக்கிடந்து, 1966இல் வெறும் கச்சேரி அரங்கமாகத் திறந்தது. ஓப்பெரா திரும்பி வந்தது 1997இல்தான். ஆக, படம் எடுத்த காலத்தில் ஓப்பெரா சதுக்கத்தில் ஓப்பெரா கிடையாது. மாட்ரிட்டின் அரச இசைப்பள்ளி மட்டும் அதே கட்டடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. வயலின் பெட்டியோடு ஒரு மாணவி அந்த இடத்தில் எதிரே வருவது மாட்ரிட்காரருக்குச் சினிமாத் தற்செயலாகத் தோன்றியிருக்காது. அங்கே தினமும் காண்கிற காட்சிதான் அது.

சரி, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அதற்கு அந்த ஆண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃப்ராங்கோ செத்தது 1975 நவம்பரில். திரைப்படத் தணிக்கை ஒழிந்தது 1977 கடைசியில். 1978இல் மட்டும் எத்தனை நடந்தது பாருங்கள்: திருமணத்தை மீறிய உறவு குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது, கருத்தடைச் சாதனம் விற்பது குற்றமாக இல்லாமல் போனது, வயதுவந்தோர் என்ற வரம்பு இருபத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது, டிசம்பரில் புதிய அரசியலமைப்பு வந்தது. விவாகரத்து மட்டும் இன்னும் வரவில்லை. அந்தச் சட்டம் 1981 ஜூலையில்தான் நிறைவேறியது.

இப்போது மத்தியாஸைத் திரும்பப் பாருங்கள். அவன் பிரிந்து வாழ்கிறவன், விவாகரத்து ஆனவன் இல்லை. ஆகவும் முடியாது. சட்டப்படி அவன் இன்னும் புருஷன்தான். வியோலேத்தாவின் பதினெட்டு வயதும் சும்மா போட்ட எண் இல்லை. இரண்டு வருடம் முன்னால் என்றால் அந்த வயதில் அவள் மைனர். தன் இஷ்டப்படி தனியாகக் குடியிருப்பதே சிக்கலாகியிருக்கும். படத்தில் யாரும் நின்று இதை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அன்றைக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் அது உடம்போடு தெரிந்த விஷயம். நாம்தான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நமக்குப் பழக்கமான காதல் கதையில் எதிரி வெளியே இருப்பான். அப்பா, சாதி, பணம், வில்லன், ஊர். ஸ்பெயினில் நாற்பது வருடமாக அந்த எதிரி அரசாங்கமாகவும் தேவாலயமாகவும் இருந்தான். திடீரென்று அவன் இல்லை. வீட்டில் தடுக்க ஆளில்லை, போலீஸ் பிடிக்காது, பாதிரியார் சொல்வதை யாரும் கேட்பதில்லை. இரண்டு பேர் சேர்ந்து வாழ வேண்டுமென்றால் வாழலாம். அப்படியிருந்தும் காதல் ஏன் தடுமாறுகிறது? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் மத்தியாஸ். எதைப் பார்த்தாலும் குத்தலாக ஒரு வார்த்தை. அவளுடைய நண்பர்கள் மீது பொறாமை. அதை ஒப்புக்கொள்ளாமல் மறைக்க அவர்களுடைய சட்டை, சாப்பாடு, கொள்கை எல்லாவற்றின் மீதும் நக்கல். அவள் அமைதியாக இருந்தால் சந்தேகம், சிரித்தால் இன்னும் சந்தேகம். சுதந்திரம் வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத ஓர் ஆண்பிள்ளை. படத்தின் நகைச்சுவை மொத்தமும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் ஊறுகிறது.

நீங்கள் குறைபட்டுக்கொண்ட பேச்சுக்கு இப்போது வருகிறேன். அது சோம்பலால் வந்த பேச்சு இல்லை, போராடிப் பெற்ற பேச்சு.

1941இல் ஃப்ராங்கோ அரசு வெளிநாட்டுப் படங்களை ஸ்பானிய மொழியில் டப்பிங் செய்தே தீர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கட்டாயம் பின்னால் விலகினாலும் பழக்கம் போகவில்லை. டப்பிங் என்பது தணிக்கைக்குக் கிடைத்த நல்ல ஆயுதம். வெட்டத் தேவையில்லை, வசனத்தை மாற்றினால் போதும். இதில் பேர்போன கூத்து ‘மொகாம்போ’ என்ற ஹாலிவுட் படத்துக்கு நடந்தது. கல்யாணமான பெண் இன்னொருவனிடம் மனம் பறிகொடுக்கிறாள் என்பதை மறைக்க, புருஷன் பெண்டாட்டியை அண்ணன் தங்கையாக மாற்றி வசனம் எழுதினார்கள். வாய்தான் அண்ணன் தங்கை என்றது. அவர்கள் பழகுகிற விதம் திரையில் அப்படியே இருந்தது. சின்னப் பாவத்தை மறைக்கப் போய்ப் பெரிய பாவத்தைக் காட்டிவிட்டார்கள்.

சொந்த ஸ்பானியப் படங்களிலும் படப்பிடிப்பு முடிந்த பிறகு ஒலிக்கூடத்தில் குரல் சேர்ப்பதே வழக்கம். திரையில் எல்லோரும் வானொலி நாடகக் குரலில் பேசினார்கள். தெருவில் ஒருவரும் அப்படிப் பேசவில்லை. 1977இல் ஃபெர்னாந்தோ கொலோமோ ‘திக்ரெஸ் தே பப்பேல்’, அதாவது காகிதப் புலிகள், என்ற படத்தைப் படப்பிடிப்பிலேயே நேரடியாக ஒலிப்பதிவு செய்து எடுத்தார். அந்த வருடம் ஜூனில் நடந்த முதல் சுதந்திரத் தேர்தலைச் சுற்றி நடக்கிற கதை. கார்மென் மௌரா நடித்தது. முற்போக்கு பேசுகிற பிரிந்துபோன தம்பதியர், அவர்களுடைய நண்பர்கள், பேச்சில் புலி, செயலில் காகிதம். திக்குவது, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பாய்வது, பாதியில் விட்ட வாக்கியம், கெட்ட வார்த்தை எல்லாம் முதல்முறையாகத் திரையிலிருந்து வந்தன. பார்த்தவர்களுக்கு, அட நம்ம பசங்க பேசுற மாதிரியே இருக்கே என்ற பரவசம். அந்தக் கொலோமோதான் ‘ஓப்பெரா ப்ரீமா’வின் தயாரிப்பாளர். இந்த வகைக்கு விமர்சகர்கள் மாட்ரிட் நகைச்சுவை என்றே பெயர் வைத்தார்கள். ஆகவே இந்தப் படங்களில் பேச்சைத் தாண்டிக் கதையைத் தேடாதீர்கள். யார் யாரைப் பேசவிடவில்லை என்று கவனியுங்கள், கதை அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

த்ருயேபா வாயாடி நகைச்சுவைக்காரர்களின் பள்ளியில் வளர்ந்தவர். இயக்குநர் ஆவதற்கு முன் ‘எல் பாயிஸ்’ நாளிதழில் திரைவிமர்சனம் எழுதினார். ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டர் அவருக்குக் குலதெய்வம். 1992இல் எடுத்த ‘பெல் எபோக்’குக்குச் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தபோது மேடையில், நன்றி சொல்லக் கடவுளை நம்பலாம் என்றால் எனக்கு நம்பிக்கை பில்லி வைல்டர் மீதுதான் இருக்கிறது, அதனால் அவருக்கே நன்றி என்கிற பொருளில் பேசினார். பிறகு வைல்டர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, கடவுள் பேசுகிறேன் என்றாராம். த்ருயேபாவே பலமுறை சொன்ன கதை இது. மத்தியாஸைப் பார்த்துவிட்டுப் பலர் அமெரிக்க நகைச்சுவை இயக்குநர் வூடி ஆலனை இழுத்தார்கள். அவருடைய ‘ஆனி ஹால்’ 1977இல் வந்திருந்ததால் அதுவும் இயல்புதான். ஆனால் ஆலனின் ஆள் மனநல மருத்துவரிடம் போய்ப் புலம்புவான், மத்தியாஸ் மதுக்கடை மேடையில் சாய்ந்துகொண்டு புலம்புவான். நண்பன் லியோனாக வருகிற அந்தோனியோ ரெசினெஸைக் கவனியுங்கள். ஒன்றுமே செய்யாத மாதிரி நின்றுகொண்டு சிரிப்பை வாங்கிவிடுகிற ஆள். பின்னாளில் ஸ்பெயின் முழுக்கத் தெரிந்த முகமானார்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். படம் மத்தியாஸைக் கேலி செய்கிறது, உண்மைதான். ஆனால் கேலி செய்வதற்காகவேனும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வியோலேத்தா எப்போதும் எதிர் நாற்காலியில். பவுலா மொலினா அவளை அலட்டலே இல்லாமல் நடித்திருக்கிறார். அந்த நிதானத்தின் முன்னால் மத்தியாஸின் பரபரப்பு இன்னும் கோமாளித்தனமாகத் தெரியும். இருந்தாலும் அவளுக்கு இவனிடம் என்ன பிடித்தது, வயலினைத் தவிர அவள் தனியாக இருக்கும்போது எதை நினைப்பாள் என்று கேட்டால் படத்திடம் பதில் குறைவு. அவன் பேசுகிறான், அவள் கேட்கிறாள். இன்றைக்குப் பார்க்கிற பெண்களில் பலர் அரைமணி நேரத்தில் எரிச்சலாகிவிடலாம். ஆகட்டும், அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

நடுவில் வந்த வணிகப் படங்களை விரைவாகக் கடந்துவிடலாம். 2002இல் எமிலியோ மார்த்தினெஸ்-லாசரோ எடுத்த ‘எல் ஓத்ரோ லாதோ தே லா காமா’, இரண்டு ஜோடிகள் தங்களுக்குள் மாறிக்கொள்கிற கதை, நடிகர்களே பழைய பாப் பாடல்களைத் தங்கள் சொந்தக் குரலில் பாடி ஆடுவார்கள். சுமாரான குரல்கள்தான், ஆனால் ஜாலி. இதே இயக்குநரின் 2014 படம் ‘ஓச்சோ அபெயீதோஸ் வாஸ்கோஸ்’ 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரையரங்கில் பார்த்து, ஸ்பெயினிலேயே அதிகம் பேர் பார்த்த ஸ்பானியப் படமானது. செவில்லா பையன், பாஸ்க் பெண், இரண்டு வட்டாரங்களின் பரஸ்பர நக்கல். நன்றாகச் சிரிக்கலாம், ஆனால் நீங்கள் கேட்ட நகரத்துக் காதல் அதில் இல்லை.

அதற்குத் த்ருயேபா வீட்டுக்கே திரும்ப வேண்டும். மகன் ஹோனாஸ் த்ருயேபா. அப்பாவின் முதல் படம் வந்த மறுவருடம், 1981இல் பிறந்தவர். அவரும் மாட்ரிட்டில் காதலையும் பேச்சையும்தான் எடுக்கிறார். ஒரு வித்தியாசம் உண்டு. 2019இல் வந்த ‘லா விர்ஹென் தே அகோஸ்தோ’வில், தமிழில் ஆகஸ்ட் மாதக் கன்னி எனலாம், கதாநாயகியாக நடித்த இத்சாசோ அரானாவே திரைக்கதையையும் அவருடன் சேர்ந்து எழுதியவர். எதிர் நாற்காலியில் இருந்தவள் இங்கே பேனாவை எடுத்துக்கொண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆகஸ்ட் மாதத்தில் மாட்ரிட் கொதிக்கும். வசதியும் விடுமுறையும் உள்ளவர்கள் கடற்கரைக்கோ சொந்த ஊருக்கோ ஓடிவிடுவார்கள். கடைகளில் பாதி மூடியிருக்கும். முப்பத்து மூன்று வயது ஏவா வேண்டுமென்றே ஊரில் தங்குகிறாள், இரவல் வீடு ஒன்றில். படம் ஆகஸ்ட் 1 முதல் 15 வரை நாட்குறிப்பு மாதிரி தேதி தேதியாக நகர்கிறது. இந்தத் தேதிகள் ஏன் என்றால், பழைய மாட்ரிட்டின் மூன்று தெருத் திருவிழாக்கள் இந்தப் பதினைந்து நாட்களுக்குள் வந்துவிடும்: 7ஆம் தேதி புனித கயெத்தானோ, 10இல் புனித லொரென்சோ, 15இல் பாலோமா மாதா. தெருவுக்குத் தெரு காகிதத் தோரணம், பால்கனிகளில் தொங்கும் பூவேலை சால்வைகள், எலுமிச்சை கலந்த மது, நள்ளிரவு தாண்டியும் நடனம். நிஜத் திருவிழாக் கூட்டத்துக்குள்ளேயே அரானா நடந்துபோகிறார், படக்கருவி பின்னால் போகிறது.

இந்தப் படத்தில் மறக்க முடியாதது பாலக் காட்சிதான். செகோவியா தெருவுக்கு மேலே உயரத்தில் போகிற பழைய பாலம் அது. பலர் அங்கிருந்து குதித்து உயிரை விட்டதால் 1998இல் மாநகராட்சி இரண்டு பக்கமும் ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு வைத்தது. இரவில் அங்கே தனியாக நிற்கிற ஒருவனைப் பார்த்து ஏவாவுக்குக் கவலை. போய்ப் பேச்சுக் கொடுக்கிறாள். வீத்தோ சான்ஸ் நடித்த இந்த அகோஸ், மத்தியாஸுக்கு நேரெதிர்: பேச்சைப் பிடுங்கிக்கொள்ளாதவன், கேட்டால் பதில் சொல்பவன், நடுவில் மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படாதவன். 1980 படத்தில் ஆண் விரட்டுகிறான். இதில் பெண் நடக்கிறாள், யார் கூட வருகிறார்கள் என்று பார்க்கிறாள். மாட்ரிட்டின் பேச்சு அப்படியே இருக்கிறது, காது முளைத்துவிட்டது.

வயதைக் கவனித்தீர்களா? அப்பா படத்தில் காதலர்களுக்கு வயது 18, 25. மகன் படத்தில் 33. இரண்டையுமே இளைஞர் படம் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். இது இயக்குநரின் ருசி மட்டுமில்லை. இன்றைக்கு ஸ்பெயினில் பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயதே முப்பதைத் தொட்டுவிட்டது. 2008க்குப் பிறகான பொருளாதாரச் சரிவும் மாட்ரிட், பார்சலோனா வாடகையும் அதற்குப் பெரிய காரணங்கள். மத்தியாஸுக்கு இருபத்தைந்தில் மனைவி, பிள்ளை, பிரிவு, புதுக்காதல் எல்லாம் முடிந்திருந்தது. ஏவாவுக்கு முப்பத்து மூன்றில் இரவல் சாவிதான் இருக்கிறது. அவளைத் தடுப்பதும் வெளி எதிரி இல்லை. ஆனால் மத்தியாஸின் வாய்க்கொழுப்பு மாதிரி சிரித்துத் தள்ளிவிடக் கூடிய ஒன்றும் இல்லை. வருடங்கள் நழுவிக்கொண்டிருக்கின்றன என்கிற உணர்வு.

இதற்கு அடுத்து நான் சொல்வது 2024இல் வந்த அவருடைய ‘வோல்வெரேய்ஸ்’. நீங்கள் திரும்பச் சேர்ந்துவிடுவீர்கள் என்று அர்த்தம். பல வருடம் சேர்ந்து வாழ்ந்த ஆலே, ஆலெக்ஸ் என்ற ஜோடி பிரிய முடிவு செய்து, அதற்கு ஒரு விருந்து வைக்கப் போவதாக ஒவ்வொரு நண்பராகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். அரானாவும் சான்ஸும் மறுபடியும் ஜோடி. கொண்டாட வேண்டியது சேர்வதை அல்ல, பிரிவதைத்தான் என்று ஆலேயின் அப்பா எப்போதோ சொன்னதிலிருந்து வந்த யோசனை. அந்த அப்பாவாக நடித்திருப்பவர் ஃபெர்னாந்தோ த்ருயேபா. ‘ஓப்பெரா ப்ரீமா’ பார்த்துவிட்டு இந்தக் காட்சிக்கு வந்தால் வேறு மாதிரி சிரிப்பு வரும்: விவாகரத்துச் சட்டமே இல்லாத நாட்டில் பிரிந்த ஆணின் கதையை எடுத்தவர், பிரிவுக்கு விருந்து வைக்கச் சொன்ன தகப்பனாக உட்கார்ந்திருக்கிறார். அவர் மகளிடம் தருகிற புத்தகங்களில் ஒன்று, பிரிந்த தம்பதி திரும்பச் சேரும் ஹாலிவுட் நகைச்சுவைகளைப் பற்றித் தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கவெல் எழுதியது. கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் சிறந்த ஐரோப்பியப் படத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் படத்தின் அமைப்பு என்பதால் நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. என் கணக்கில் ‘லா விர்ஹென்’தான் உசத்தி.

பார்க்கும் வரிசை: முதலில் ‘ஓப்பெரா ப்ரீமா’, அடுத்து ‘லா விர்ஹென் தே அகோஸ்தோ’, கடைசியில் ‘வோல்வெரேய்ஸ்’. ‘திக்ரெஸ் தே பப்பேல்’ கிடைத்தால் எங்கே வேண்டுமானாலும் சொருகிக்கொள்ளலாம். ஆங்கில டப்பிங் இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள், மேலே சொன்ன காரணம் போதும். ஸ்பானியக் குரலோடு, அடியில் வரிகளோடு பாருங்கள். லாத்வார் பேசுகிற வேகத்துக்கு அடிவரிகள் மூச்சுவாங்கும். பாதி நக்கல் தப்பிப்போகும். பரவாயில்லை, அந்த நேரத்தில் வரியைப் படிப்பதை விட்டுவிட்டு வியோலேத்தாவின் முகத்தைப் பாருங்கள். அவன் சொன்னது எவ்வளவு அபத்தம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.